பதினேழாம் வரி

பொடி எழுத்துத் தாளை மேசையில் விரித்து
சுருளாமலிருக்க ரொட்டிக் கத்தியை மேலே வைத்தேன்.
முதல் வரி: மனச்சோர்வுக்கு.
பதினேழாம் வரி,
தலைசுற்றலுக்கும் மலச்சிக்கலுக்கும் நடுவே:
வாய் உலர்தல்.
டாக்டர் மார்யெ பேனாவால் வட்டமிட்டது இதைத்தான்.
"நமக்கு வேண்டியது இது" என்றார்,
கூடையில் வெங்காயம் பொறுக்குகிறவர் குரலில்.

எண்டெலுக்கு எச்சில் கூடிவிடவில்லை.
எல்லோருக்கும் ஊறுகிற அளவுதான்.
விழுங்கத்தான் மறந்துகொண்டிருக்கிறது தொண்டை.
முப்பத்தொரு வருடம்
முஸ்த்வெக்கும் தார்த்துவுக்கும் இடையே பேருந்து ஓட்டியவன்,
காலர் கசங்கியிருந்தால் வண்டியை எடுக்காதவன்,
மோவாயின் கீழ் துண்டோடு உட்கார்ந்திருக்கிறான்.
யாராவது பார்க்க வந்தால்
சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.
ஒரு நாளைக்கு ஒன்பது துண்டு துவைக்கிறேன்.
கொடியில் அவை
ஏரிக் காற்றில் விறைத்துப் பலகைகளாகத் தொங்குகின்றன.

இந்த மாத்திரையை எனக்குத் தெரியும்.
மார்ச் மாதப் பனி பிளந்து
எங்கள் ராய்வோவை வண்டியோடு ஏரி விழுங்கிய வருடம்.
ஏரிக்கு விழுங்க மறப்பதேயில்லை.
இதே பெயர்தான்,
எனக்கு எழுபத்தைந்து மில்லிகிராம்.

கூட்டுறவுக் கடைக் கல்லாவில் இருந்தேன் அப்போது.
நாக்கு போய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.
மீதிச் சில்லறை எவ்வளவென்று சொல்ல வாய் திறந்தால்
எண்ணெய் காணாத கீல் சத்தம் வரும்.
காலடியில் தண்ணீர் பாட்டில்.
புகையிட்ட மீன் வாங்க வந்த பெண்கள்
"மல்லெ அழுவதே இல்லை பார்" என்று பேசிக்கொண்டார்கள்.
அழ ஈரம் வேண்டுமே.
அன்றிருந்த டாக்டரிடம் முறையிட்டேன்.
"பக்கவிளைவு. பொறுத்துக்கொள்ளுங்கள்."

பக்கவிளைவு.
பாத்தியில் ஊன்றியது ஒன்று,
பக்கத்தில் விளைந்தது வேறு.
பிடுங்கிப் பிடுங்கி எறிந்தேன் மூன்று வருடம்.
இன்று அதைத்தான்
ஆப்பிள் கூழில் குழைத்து
என் கணவனுக்கு ஊட்டச் சொல்கிறார்கள்.

"அவருக்குத் துக்கமும் குறையுமா?"
டாக்டர் மார்யெ பேனாவை மூடினார்.
"பத்து மில்லிகிராம்தான்.
துக்கத்துக்கு இந்த அளவு எட்டாது."

நான்காம் இரவு தலையணை நனையவில்லை.
அடுத்த வாரம் இரண்டே துண்டு.
ஞாயிற்றுக்கிழமை யுஹான் வந்தான்,
எண்டெலோடு ஒரே பணிமனையில் இருந்தவன்.
தான் பிடித்த மீனின் நீளத்தை
ஒவ்வொரு முறையும் ஒரு சாண் கூட்டிச் சொல்கிறவன்.
எண்டெல் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.
மீன் கதவளவு வளர்ந்தபோது
தோள் குலுங்கச் சிரித்தான்.
மோவாய் காய்ந்தே இருந்தது.

மலச்சிக்கல் மட்டும் இன்னும் பக்கவிளைவாகவே இருக்கிறது.
அதை வேண்டி நிற்கிற நோய் இந்த வீட்டில் யாருக்கும் இல்லை.
உலர்ந்த பிளம்ஸை ஊறவைத்து மசித்துக் கொடுக்கிறேன்.

விடிகாலையில் அவன் உதடு வெடித்துக் கிடக்கிறது.
பஞ்சை நனைத்து ஒற்றுகிறேன்.
இரவில் உலர்த்துகிறவள் நான்,
காலையில் நனைக்கிறவளும் நான்.
நேற்று எழுத்துப் பலகையைக் கேட்டான்.
ஒரு சொல்லுக்கு
ஒரு கெட்டில் தண்ணீர் கொதிக்கிற நேரம் ஆகும் அவனுக்கு.
உனக்கு.
அப்போது.
இப்படியா.
இருந்தது.

ஆமாம் என்றேன்.
அப்போது அவன் நாள் முழுக்கப் பேருந்தில் இருப்பான்.
நான் சொன்னதில்லை, அவன் கேட்டதில்லை.

முகம் துடைக்க
கையெட்டும் தூரத்தில் ஒரு துண்டு இல்லை.
எல்லாவற்றையும் மடித்து
அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டிருந்தேன்.